வலைவடிவமைப்பை வினாத்தாளில் அளக்க வேண்டாம்: செட்டிநாட்டுக் கணினித்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் உள்ள கல்லூரிகளின் கணினித்துறைத் தலைவர்களுக்கும், கணினிப் பயிற்சி மையங்களை நடத்திவரும் பெருமக்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியில் வலைத்தளங்கள் வடிவமைத்துத் தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்திவருகிறேன். பழைய வீடுகளை விருந்தினர் விடுதிகளாக மாற்றி நடத்துவோர், ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்காரர்கள், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை விற்போர், தேன்குழலும் மனகோலமும் செய்து வெளியூருக்கு அனுப்புவோர் ஆகியோரே எங்கள் வாடிக்கையாளர்கள். ஒவ்வோர் ஆண்டும் தேர்வுகள் முடிந்ததும் தங்கள் மாணவர்கள் வேலை கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் அறிவுக்கும் ஆர்வத்துக்கும் குறையில்லை. ஆனால் வலைவடிவமைப்பாளராக நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளிலேயே தேவைப்படும் திறன்கள் அவர்களில் பெரும்பாலோருக்குக் கற்பிக்கப்படவில்லை. கற்பிக்கப்பட்டவற்றில் ஒரு பகுதி இன்று எந்த அலுவலகத்திலும் பயன்படுவதில்லை. இதைக் குறைகூறலாக அன்றி, தாங்கள் உருவாக்கி அனுப்பும் பிள்ளைகளைப் பணியில் அமர்த்த விரும்பும் ஒருவனின் வேண்டுகோளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நேர்காணலில் நான் வினாக்கள் கேட்பதில்லை. கற்பனையான ஒரு கல் பட்டறையின் பெயர், கற்களின் அளவுகள், நான்கு படங்கள், தொலைபேசி எண், முகவரி, ஒரு விசாரணைப் படிவம் ஆகியவை அடங்கிய அரைப்பக்கச் செய்தியைத் தந்து, ஆயத்த அமைப்பான டெம்ப்ளேட் எதையும் எடுக்காமல் மூன்று மணி நேரத்துக்குள் அதை ஒரு வலைப்பக்கமாக்கச் சொல்கிறேன். இணையத்தில் எதைத் தேடிப் பார்க்கவும் தடையில்லை. பலர் உடனே ஃபோட்டோஷாப்பையோ ஃபிக்மாவையோ திறந்து அழகான படம் ஒன்றை வரைந்துவிடுகிறார்கள்; அது அந்த இரண்டு மென்பொருள்களுக்குள் மட்டுமே வாழும் படம். நிரல் எழுதுவோரின் பக்கத்தைத் திறந்து பார்த்தாலோ, தலைப்பு தலைப்பாக இராமல் பெரிதாக்கப்பட்ட தடித்த வரியாக இருக்கும். பட்டன் பட்டனாக இராமல், சொடுக்கினால் ஏதோ நடக்கும்படி செய்த வண்ணப்பெட்டியாக இருக்கும். தொலைபேசி எண் படத்துக்குள்ளே எழுதப்பட்டிருக்கும். படிவத்தின் கட்டங்களுக்குப் பெயரே இராது. உள்ளே மங்கலாகத் தெரியும் 'உங்கள் பெயர்' என்ற சொற்களும் முதல் எழுத்தைத் தட்டியதும் மறைந்துவிடும்.

இவையெல்லாம் சிறு பிழைகள் அல்லவா என்று தாங்கள் கேட்கலாம். எண் படத்துக்குள் இருந்தால் கைபேசியில் அதைத் தொட்டு அழைக்க முடியாது, நகலெடுக்கவும் முடியாது. பட்டறைக்காரருக்கு வலைத்தளத்தால் கிடைக்கக்கூடிய மிகப்பெரிய பயன் அந்த அழைப்புதான். இது தலைப்பு என்று நிரலில் குறித்துக்காட்டும் குறிச்சொல் இல்லையென்றால் தேடுபொறியால் பக்கத்தின் அமைப்பைச் சரியாக உணர முடிவதில்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியாமல் பக்கம் முழுவதையும் வரிவரியாக வாசிக்க வேண்டியதாகிறது. பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் என்ன பொருளைத் தாங்குகிறது என்று அறிந்து அதற்குரிய குறிச்சொல்லைத் தேர்வதே இத்தொழிலின் முதல் திறன் என்பது என் உறுதியான கருத்து. வண்ணமும் அசைவும் அதற்குப் பிறகு வர வேண்டியவை.

மாணவர்கள் கொண்டுவரும் பாடக்குறிப்புகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். எழுத்தின் நிறத்தையும் அளவையும், வலைப்பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 'ஃபான்ட்' குறிச்சொல்லால் மாற்றுவது, 'சென்டர்' குறிச்சொல்லால் நடுவில் நிறுத்துவது, 'மார்க்கீ' கொண்டு வரிகளை ஓடவிடுவது, அட்டவணைக்குள் அட்டவணை போட்டுப் பக்கத்தை அமைப்பது ஆகியவை அவற்றில் இன்னும் இருக்கின்றன. டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வலைத்தளத்தை வெளியிட்ட 1991க்குப் பின்னர், தோற்றத்தையும் உள்ளடக்கத்தையும் பிரிப்பதற்கென்றே ஹோகன் வியும் லீ 1994இல் சிஎஸ்எஸ் என்னும் தோற்ற மொழியை முன்மொழிந்தார். 1996இல் அது முறையான பரிந்துரையாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே வந்த எச்டிஎம்எல் 4, ஃபான்ட்டையும் சென்டரையும் தவிர்க்க வேண்டியவை என்று அறிவித்துவிட்டது. மார்க்கீயோ எந்த எச்டிஎம்எல் தரத்திலும் பயன்படுத்தத்தக்கதாக இடம்பெற்றதே இல்லை. இன்று இருபது வயதுள்ள மாணவர், தாம் பிறப்பதற்கு முன்பே ஒதுக்கப்பட்டவற்றை மூன்று மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்.

சிஎஸ்எஸ்ஸுக்குத் தாங்கள் ஒதுக்கும் இரண்டு மூன்று வாரங்கள் போதா என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். 2010இல் ஈத்தன் மார்கோட் ஒரு கட்டுரையில் விளக்கிய, திரையின் அகலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வடிவமைப்பு முறையே இன்று அடிப்படை. 2017 முதல் முதன்மை உலாவிகளில், பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் வந்த பிறகு, முன்பு பலவகைத் தந்திரங்களால் சாதித்த அமைப்புகளைச் சில வரிகளில் எழுத முடிகிறது. ஆனால் பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு பெட்டியாகக் கணக்கிடும் பெட்டி மாதிரி, எந்த விதி எந்த விதியை மேற்கொள்ளும் என்னும் அடுக்குமுறை, பகுதிகளை வரிசையாக நிறுத்தும் ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் ஆகியவற்றைத் தெளிவாக அறியாதவர், எது வேலைசெய்யவில்லையோ அதன் பின்னால், மற்ற விதிகளை மீறச் செய்யும் 'இம்பார்ட்டன்ட்' என்று எழுதிவிட்டு நகர்கிறார். ஒரு தளத்தில் அப்படி நாற்பது இடங்கள் சேர்ந்துவிட்டால், பின்னர் பட்டனின் நிறத்தை மாற்றுவதற்கும் அரைநாள் ஆகும். ஒரு பருவம் முழுவதையும் எச்டிஎம்எல்லுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் மட்டுமே தந்தாலும் மிகையாகாது. பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டில் படிவத்தைச் சரிபார்ப்பதும், பட்டியலைத் திறந்து மூடுவதும், பிறர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வதும் தொடக்கத்துக்குப் போதும். ஒரு படிவத்தையே ஒழுங்காக எழுதத் தெரியாதவருக்கு ரியாக்ட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கற்பித்துச் சான்றிதழ் தருவதால் யாருக்கும் நன்மையில்லை.

அடுத்து நான் சொல்ல விரும்புவது, எந்த ஆங்கிலப் பாடநூலிலும் தங்கள் மாணவர்களுக்குக் கிடைக்காதது. தமிழில் ஒரு பக்கத்தை வடிவமைப்பது தனித் திறன். செட்டிநாட்டில் இத்தொழில் செய்வோருக்கு அது இன்றியமையாதது. இங்கே எங்களிடம் வரும் செய்திகளில் கணிசமானவை அச்சகங்களிலிருந்தே வருகின்றன. திருமண அழைப்பிதழும் கோயில் மலரும் அச்சடிக்கும் இடங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. அவற்றில் தட்டச்சிட்டது காகிதத்தில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. அதை அப்படியே வலைப்பக்கத்தில் ஒட்டினால் குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருவையும் சேர்த்து ஏற்றிச் சமாளித்தாலும் தேடுபொறிக்கு அது தமிழன்று, திரைவாசிப்பானுக்கும் தமிழன்று. தமிழ்நாடு அரசு 2010லேயே, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் பழைய குறியேற்றத்தை அடையாளங்கண்டு யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் கெட்டுப்போன எழுத்துகளைக் கண்ணால் பார்த்துத் திருத்தத் தெரிந்த ஒரு பட்டதாரியைக் கண்டுபிடிப்பது எனக்கு அரிதாகவே இருக்கிறது.

ஆங்கிலத்துக்கென வரையப்பட்ட டெம்ப்ளேட்டில் தமிழை இட்டால் என்னவாகும் என்பதை மாணவர்கள் ஒருமுறையேனும் தம் கண்ணால் பார்க்க வேண்டும். பட்டியலில் உள்ள சொற்களை அந்த டெம்ப்ளேட் பெரிய எழுத்துகளாக்கி எடுப்பாகக் காட்டியிருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால் அந்த எடுப்பு காணாமற்போகும், அதனை எழுத்தின் தடிமனாலோ நிறத்தாலோ மீட்க வேண்டியிருக்கும். தலைப்பு வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியைத் தமிழுக்கும் விட்டால், மேல்வரியில் உள்ள 'கூ', 'மூ' ஆகியவற்றின் வால்கள் கீழ்வரியில் உள்ள 'கீ', 'மீ' ஆகியவற்றின் சுழிகளில் இடிக்கும். உயரத்தை நிலையாகக் குறித்துவிட்ட பட்டனிலோ அந்தச் சுழிகள் நறுக்கப்பட்டுவிடும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடங்கும் பட்டனில் 'முன்பதிவு செய்துகொள்ளுங்கள்' என்று எழுத வேண்டிவரும். சிறிய திரையில் அது இரண்டு வரியாக உடையவோ பட்டனுக்கு வெளியே நீட்டிக்கொள்ளவோ கூடும். சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லை. எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாதபோது உலாவி தானாகவே எழுத்துகளைச் சாய்த்துவிடுவதால் விளையும் தோற்றம், படிப்பவர் கண்ணை உறுத்தும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற, திறந்த உரிமத்தில் கிடைக்கும் எழுத்துருக்களைப் பல தடிமன்களில் ஏற்றிப் பார்த்து ஒப்பிடும் ஒரே ஒரு வகுப்பு, இதில் பாதியை மாணவர்களுக்கு உணர்த்திவிடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'செட்டிநாடு' என்பது நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது பத்துக் குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. செய்தித் துணுக்கை இத்தனை எழுத்தோடு வெட்டிக் காட்டு என்று நிரல் எழுதும் மாணவர் இதை அறியாவிட்டால், 'செட்டிநாட்டு வீடுகள்' என்பது 'செட்டிநாட்ட' என்று உயிர்க்குறியை இழந்து அறுந்து நிற்கும். விடுதி உரிமையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

படங்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையையும் காட்டத்தான் இங்கே பாதித் தளங்கள் கட்டப்படுகின்றன. உரிமையாளர் தம் கைபேசியில் எடுத்த, 4000 பிக்சல் அகலமும் ஐந்தாறு எம்பி எடையும் கொண்ட பத்துப் படங்களை அனுப்புகிறார். பயிற்சி பெறாதவர் அவற்றை அப்படியே ஏற்றி, சிஎஸ்எஸ்ஸில் அகலத்தை மட்டும் சுருக்குகிறார். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி கொண்ட கட்டணத் திட்டத்தில் பார்ப்பவர், அந்த ஒரு பக்கத்துக்கே ஐம்பது எம்பிக்கு மேல் செலவிட வேண்டியிருக்கும். கைபேசித் திரைக்கு 1080 பிக்சல் அகலமே போதுமானது. வெப்பி போன்ற வடிவத்தில் சேமித்தால் எடை மிகவும் குறைந்துவிடும். திரைக்கேற்ற அளவை உலாவியே தேர்ந்துகொள்ளும்படி எழுதவும் எச்டிஎம்எல்லில் வழியுண்டு. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் குறிப்பிடாமல் விட்டால், படம் வந்து சேரும்போது பக்கம் சட்டென்று கீழே நகர்ந்து, விரல் வேறொரு பட்டனைத் தொட்டுவிடும். பக்கத்தின் முதன்மைப் பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பதும், தொட்டதற்கு 200 மில்லி வினாடிக்குள் எதிர்வினை வர வேண்டும் என்பதும் கூகுள் வகுத்துள்ள அளவுகோல்கள். தங்கள் ஆய்வகத்தின் வேகமான இணைப்பிலும் பெரிய திரையிலும் இவற்றைச் சோதித்துப் பயனில்லை. மலிவான ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றை ஆய்வகத்தில் வைத்து, கைபேசி இணைப்பில் மட்டும் திறந்து பார்க்கச் செய்வது நூறு விளக்கப்படங்களைவிட மேலானது.

எல்லோரும் பயன்படுத்தக்கூடிய வகையில் வடிவமைப்பது கருணையின் பாற்பட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அதை அடிப்படைத் தொழில்தரமாகவே பார்க்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் கருத்தில் கொண்டதே. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு 2023இல் வந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்ற விதி முந்தைய பதிப்புகளிலிருந்தே அதில் தொடர்கிறது. சேலைக்கடைத் தளம் ஒன்றுக்குக் கண்டாங்கியின் மஞ்சளில் எழுத வேண்டும் என்று மாணவர் விரும்புவது இயல்பே. அந்தக் கடுகு மஞ்சளை வெள்ளைப் பின்னணியில் இட்டு அளந்தால் வேறுபாடு இரண்டை ஒட்டியே நிற்கும். அதே மஞ்சளை அடர்ந்த அரக்குச் சிவப்பின்மேல் இட்டால் ஐந்தைத் தாண்டிவிடும். சேலையிலேயே இருக்கும் இரண்டு நிறங்கள்தான். அளக்கத் தெரிந்தவர் கையில் அவை படிக்கும்படி அமைகின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு சொந்த ஊர்க் கோயில் திருவிழாவின் நாளைத் தேடிப் படிக்கும் எழுபது வயதுப் பெரியவர்கள் எங்கள் தளங்களின் வாசகர்கள் என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

நிரலுக்கு வெளியே உள்ள திறன்கள் பாடத்திட்டத்தில் அறவே இல்லை. வாடிக்கையாளர் 'கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும்' என்பார். அவர் கேட்பது நிறமா, படமா, எழுத்தின் அளவா என்று பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். அதைவிட முக்கியமாக, தளத்துக்கு வருபவர் என்ன செய்ய வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார் என்பதை முதல் சந்திப்பிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், செய்தியையும் படங்களையும் யார் எந்தத் தேதிக்குள் தருவது, முன்பணம் எவ்வளவு என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கத் தெரிய வேண்டும். வணிகம் செய்தே வளர்ந்த இந்த ஊரில் எழுதிய கணக்குக்கு இருக்கும் மதிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை. வலைத்தள முகவரியான டொமைன் பெயரைத் தம் பெயரில் பதிவுசெய்து வைத்துக்கொள்ளும் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் பின்னாளில் வேறிடம் செல்ல விரும்பினால் தம் கடையின் பெயரையே மீட்க அலைய நேர்கிறது. அது வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதைத் தொழில் ஒழுக்கமாகத் தாங்களே வகுப்பில் சொல்லிவிட்டால் நல்லது.

மென்பொருள்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை வரும், போகும். ஒரு காலத்தில் பயிற்சி மையங்களின் பெயர்ப்பலகைகளையெல்லாம் நிறைத்திருந்த, அசைபடங்கள் செய்யும் ஃபிளாஷ், 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஃபிக்மாவும், தளங்களை நிர்வகிக்கும் வேர்ட்பிரஸும், நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டும் இப்போது தேவை, அவற்றைக் கற்பியுங்கள். செயற்கை நுண்ணறிவே பக்கத்தை எழுதித் தந்துவிடும்போது இவையெல்லாம் எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அது எழுதித் தருவது உண்மைதான். எங்கள் அலுவலகத்திலும் பயன்படுத்துகிறோம். அது தந்த பக்கத்தில் படிவக் கட்டங்களுக்குப் பெயர் இருக்கிறதா, தமிழ் வரிகள் இடிக்காமல் நிற்கின்றனவா, எந்த வரியை நீக்கினாலும் கேடில்லை என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்கே நான் சம்பளம் தர முடியும்.

பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடை நடத்திய காலத்தில், இளம்வயதிலேயே கடைநிலை உதவியாளரான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர், உண்மையான பணத்தையும் உண்மையான பேரேட்டையும் தொட்டுப் பழகி அடுத்தாளாகவும் பின்னர் மேலாளாகவும் உயர்ந்தார். அந்தப் பழக்கத்தின் கூறு ஒன்றைத் தங்கள் வகுப்பறைக்குள் கொண்டுவர இயலும் என்று நம்புகிறேன். ஒவ்வொரு மாணவரும், அல்லது இருவர் சேர்ந்து, ஒரு பருவத்துக்குள் உள்ளூர்க் கடையொன்றுக்கோ பட்டறைக்கோ உண்மையான தளம் ஒன்றைக் கட்டட்டும். கடைக்காரரைச் சந்தித்துத் தேவையைக் கேட்பதிலிருந்து அதை இணையத்தில் ஏற்றி, கடைக்காரரே விலையை மாற்றிக்கொள்ளப் பழக்கிவிடுவது வரை எல்லாவற்றையும் அவர்களே செய்யட்டும். இறுதித் தேர்வில் விளக்கம் எழுதச் சொல்வதைக் குறைத்து, உலாவிக்கு முன்னால் உட்காரவைத்து, பிழையுள்ள பக்கம் ஒன்றைத் தந்து திருத்தச் சொல்லுங்கள். பாடத்திட்டத்தை மாற்றுவது பல்கலைக்கழகத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டது, காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். அகமதிப்பீடு தங்கள் கையில்தான் இருக்கிறது. பயிற்சி மையங்களுக்கோ அந்தத் தடையும் இல்லை. ஆசிரியர்களுக்குப் பணிச்சுமை மிகுதி, புதியதைக் கற்க நேரமில்லை என்ற நியாயமான மறுமொழியும் எனக்குத் தெரியும். அதற்காகவே, விரும்பும் ஆசிரியர்கள் சனிக்கிழமை பிற்பகல்களில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து நடந்துகொண்டிருக்கும் பணிகளைப் பார்க்கலாம் என்று அழைக்கிறேன்; செயல்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராக அழைத்தால் ஊதியமின்றி வருவேன்; ஒரு பருவத்துக்கு இரண்டு மாணவர்களை உதவித்தொகையோடு பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளவும் அணியமாக இருக்கிறேன்.

வரும் ஒற்றைப்படைப் பருவத்திலேயே இதைத் தொடங்குவதாக இருந்தால், மாணவர்களுக்கான கடைகளை ஆகஸ்டு மாதத்துக்குள் பேசி முடித்துவிடுவது நல்லது. தீபாவளி நெருங்கிவிட்டால் பலகாரக் கடைக்காரர்களும் சேலைக் கடைக்காரர்களும் நின்று பேசவே மாட்டார்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு வலைவடிவமைப்பாளர்